கரையில் தங்கும் ஆய்வாளர்: குழந்தைப் பருவ உடற்பருமனும் நடத்தை மருத்துவப் பணிகளும்

தமிழகத்தில் குழந்தைகளின் எடையை அளக்க ஆள் இருக்கிறார்கள். அந்த எடை ஏன் ஏறுகிறது, ஏறியதை ஒரு குடும்பம் எப்படிக் குறைக்கிறது என்று பத்தாண்டுகள் கூடவே இருந்து பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. இளம் ஆய்வாளர்களுக்கு ஆர்வம் குறைவு என்பதை நான் ஏற்கவில்லை. அப்படியொரு வேலையை நாம் உருவாக்கவே இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை முன்வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

அளவீட்டில் நாம் பின்தங்கவில்லை. சென்னைப் பள்ளிப் பிள்ளைகளின் மிகை எடை குறித்து அ. ராமச்சந்திரன் குழுவினர் 2002இலேயே எழுதினர். பின்னர் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 'ஆரஞ்ச்' ஆய்வில் 51 பள்ளிகளின் 18,955 பிள்ளைகளை அளந்தது. மிகை எடையும் பருமனும் சேர்ந்து தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம்; அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்று தனி வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது. 2022 நிலவரப்படி 5 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் பருமனாக இருப்பதாக உலகளாவிய மதிப்பீடு ஒன்று சொல்கிறது. 1990இல் அது 4 லட்சம்.

ஆரஞ்ச் ஆய்வின் எண்களைப் படிப்பவர் இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் சிக்கல் என்று முடிவு கட்டிவிடக்கூடும். கடற்கரைக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது. மாதச் சம்பளக் குடும்பத்தின் வருமானத்தைப் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதிவிடலாம். கடலுக்குப் போகும் குடும்பத்தின் வருமானம் அன்றன்றைய மீன்பாட்டைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. ஆகவே ஒரே தெருவில் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர் வீட்டில் கையிருப்பு கரையும்போது, பக்கத்து வீட்டு நாட்டுப்படகுக்காரருக்கு மீனின் விலையேற்றம் கைகொடுக்கலாம். அந்த இரண்டு மாதத்தின் பெரும்பகுதி பள்ளிக் கோடை விடுமுறையும்கூட. மதிய உணவு இல்லை, விளையாட்டு நேரம் இல்லை, பிள்ளை நாள் முழுக்க வீட்டிலும் தெருக்கடையிலும்தான். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களைவிடக் கோடை விடுமுறையில்தான் எடை வேகமாகக் கூடுகிறது என்று அங்குள்ள ஆய்வுகள் கண்டிருக்கின்றன. புன்னைக்காயலில் அதே விடுமுறை எதைச் செய்கிறது? ஆகஸ்டில் வந்து, கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு, மாலை வண்டியில் திரும்பிப் போகிறவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எடை மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1993இல் தொடங்கிய புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் காட்டியது, பிறக்கும்போதே எடை குறைந்தும் உடற்கொழுப்பு ஒப்பளவில் மிகுந்தும் இருக்கும் குழந்தைகளை. ஒல்லியாகத் தெரியும் பிள்ளையும் பின்னாளில் ஆபத்துக்குள்ளாகலாம். அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரால்தான் அதை அறிய முடியும்.

தொடர்ந்து பார்ப்பதன் பயனுக்குச் சான்று அமெரிக்க உளவியலாளர் லெனார்டு எப்ஸ்டீனின் பணி. பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே பழக்கமாற்றத்தில் ஈடுபடுத்திய அவர், பத்தாண்டு முடிவுகளை 1990இல் வெளியிட்டார். பெற்றோரும் சேர்ந்த குழுவில் மிகை எடை 7.5 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 14.3 சதவீதம் கூடியிருந்தது. மூன்றாண்டு நிதியோடு முடியும் திட்டத்தில் இந்த முடிவுக்கு இடமே இல்லை. நம்மாலும் நடத்தை ஆய்வு செய்ய முடியும் என்பதை ராமச்சந்திரன் குழு மெய்ப்பித்திருக்கிறது: நீரிழிவு அபாயமுள்ள 537 ஆண்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தி அனுப்பி, இரண்டாண்டில் நோய் தோன்றுவதை 36 சதவீதம் குறைத்ததாக 2013இல் வெளியிட்டது. ஆனால் அவர்கள் பெரியவர்கள், வேலைக்குப் போகும் ஆண்கள். தன் சோற்றைத் தானே தீர்மானிக்காத பிள்ளைக்கு அந்த வழி போதாது. அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசியாக வேண்டும்.

பேசப்போவது யார்? உளவியலோ ஊட்டச்சத்தியலோ படித்துத் தேர்ந்த ஒரு பெண், திட்டப் பணியாளராகச் சேர்கிறாள். ஊர் அவளை நம்பத் தொடங்கும் வேளையில் ஒப்பந்தம் முடிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இளநிலை ஆய்வு உதவித்தொகை முனைவர் பட்டம் வரை தாங்கும், பிறகு? பழக்கங்களை மாற்றி நோயைத் தடுக்க முயலும் நடத்தை மருத்துவம், மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டாயமான துறைகளில் இல்லை. எனவே அவள் பெருநகர மருத்துவமனைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறாள். சேர்த்த குறிப்புகள் கோப்பிலேயே நின்றுவிடுகின்றன. இதை அவளுடைய தனிப்பட்ட முடிவாக நாம் பேசுவது நியாயமில்லை.

இந்தக் கரையின் வரலாறு வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. 1540களில் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரைக்கு வந்த பாதிரியார் என்றிக்கே என்றீக்கசு 1600இல் இறக்கும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இங்கேயே தங்கினார். அவர் நோக்கம் மறைபரப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழைப் பேசிப் பழகி அதற்கு இலக்கணம் எழுதினார், 1578இல் தமிழில் நூல் அச்சிட்டார், புன்னைக்காயலில் மருத்துவமனை ஏற்படுத்தினார். இத்தனைக்கும் அடிப்படை, அவரைப் பத்தாவது ஆண்டிலும் இருபதாவது ஆண்டிலும் அதே கரையில் இருக்கவிட்ட ஏற்பாடு. அறிவியலுக்கு அந்த ஏற்பாட்டை நாம் இன்னும் செய்து தரவில்லை.

செய்யக்கூடியது இதுதான். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில் நடத்தை மருத்துவத்துக்கு நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் வேண்டும். ஒன்றாவது கடற்கரை ஊர்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எத்தனை குடும்பங்களை எத்தனை ஆண்டு விடாமல் தொடர்ந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வினாநிரல்களை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காமல் கரைப்பேச்சிலேயே உருவாக்கிச் சரிபார்க்க வேண்டும். மீனவப் பெண்களே அதில் பயிற்சி பெற்ற பணியாளர்களாகலாம். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரம் இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 முதல் காலை உணவும் வழங்கப்படுகிறது. பிள்ளைகளின் தட்டில் என்ன விழுகிறது என்பதில் இவ்வளவு அக்கறை காட்டிய அரசு, அந்தத் தட்டைப் பத்தாண்டு கவனிக்கும் ஓர் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய செலவல்ல. அடுத்த கணக்கெடுப்புக்கு நிதி ஒதுக்கும் முன் அந்தப் பணியிடத்தை உருவாக்குங்கள்.