பழைய பேனலும் புதிய பேனலும் ஒரே இன்வெர்ட்டரில்: 36 செல்களின் கதை

மாடியில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வைத்த எட்டு சோலார் பேனல்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று விசாரித்தால், அதே மாடல் இப்போது கிடையாது. ஒருவர் "பழசைக் கழட்டிட்டு மொத்தமா புதுசு போடுங்க, கலக்கவே கூடாது" என்பார். இன்னொருவர் "பேரலல்ல போட்டா ஒண்ணும் ஆகாது சார்" என்பார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு, ஒரு பேனலுக்குள் இத்தனை செல் என்று எப்படி முடிவானது என்ற பழைய கதைக்குப் போக வேண்டும்.

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் உருவாக்கிய சிலிக்கான் செல் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. விழும் வெயிலில் சுமார் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. அடுத்த வருடம் அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊரில், கிராமத்துத் தொலைபேசி இணைப்புக்காக 432 செல்கள் கொண்ட ஒரு பலகையைக் கம்பத்தில் ஏற்றினார்கள். பகலில் பேட்டரியை நிரப்புவதுதான் அதன் வேலை.

1970களில் எலியட் பெர்மன் என்பவர் எக்ஸான் நிறுவனத்தின் பணத்தில் மலிவான பேனல் செய்ய இறங்கினார். மின்னணுத் தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட சிலிக்கான் வில்லைகளை வாங்கிப் பயன்படுத்தி, ஒரு வாட்டின் விலையை 100 டாலரிலிருந்து 20 டாலர் அளவுக்கு இறக்கினார். வாங்கியவர்கள் கடலில் மிதக்கும் எச்சரிக்கை விளக்குக்காரர்கள், எண்ணெய் மேடைக்காரர்கள், தொலைத்தொடர்புக்காரர்கள். இவர்கள் எல்லோரிடமும் இருந்தது பேட்டரி.

இங்கேதான் அந்த எண் பிறக்கிறது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி நிரம்ப சுமார் 14.4 வோல்ட் வேண்டும். ஒரு செல் வேலை செய்யும்போது தருவது அரை வோல்ட். 36 செல்லைத் தொடராகக் கோத்தால் 18 வோல்ட். வெயிலில் செல் 60 டிகிரிக்குச் சூடானால் அதில் மூன்று வோல்ட் போல குறையும், மிச்சம் 15. பேட்டரிக்குச் சரியாகப் போதும்!

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த அரை வோல்ட் சிலிக்கான் என்ற பொருளின் குணம். செல்லைப் பெரிதாக வெட்டினால் ஆம்பியர் கூடும், வோல்ட் கூடாது. அதனால் 36 செல் பேனல் 40 வாட்டாக இருந்தாலும் 100 வாட்டாக இருந்தாலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்க இணைப்பில் வோல்ட் ஒத்துப்போனால் போதும், ஆம்பியர்கள் கூடிக்கொள்ளும். "பேரலல்ல ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சுக்கு வேர் இந்தக் காலம்தான்.

பிறகு பேட்டரி கதையிலிருந்து விலகியது. பேனலை நேரடியாக மின்கட்டமைப்போடு இணைக்க ஆரம்பித்ததும் 36 என்ற எண்ணுக்கு அவசியம் போய்விட்டது. 60, 72 செல் பேனல்கள் வந்தன. 1995இல் ஜெர்மனியின் எஸ்.எம்.ஏ. நிறுவனம் 'சன்னி பாய்' என்ற இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. பல பேனல்களைத் தொடராகக் கோத்த ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் என்ற ஏற்பாடு அது. உச்சத் திறன் எந்த வோல்ட்டில் கிடைக்கிறது என்று இன்வெர்ட்டரே தேடிப் பிடிக்கும். ஆனால் ஒரு உள்ளீட்டில் அது பிடிக்க முடிவது ஒரே ஒரு வோல்ட்டைத்தான்.

இப்போது நம் மாடிக்கு வருவோம். பழைய 72 செல், 280 வாட் பேனல் சுமார் 36 வோல்ட், 7.8 ஆம்பியர். இன்றைய 540 வாட் பேனலில் 144 அரைச் செல்கள். தொடராகப் பார்த்தால் அதுவும் 72தான். ஆனால் செல்லின் தரம் உயர்ந்துவிட்டதால் சுமார் 41.5 வோல்ட், 13 ஆம்பியர். இரண்டையும் ஒரே தொடரில் கோத்தால் பழைய 7.8 ஆம்பியர் புதியதன் கழுத்தைப் பிடிக்கும். எட்டுக்கு எட்டு என்று தனித்தனி ஸ்ட்ரிங்காக்கிப் பக்கத்தில் இணைத்தால் 288 வோல்ட்டும் 332 வோல்ட்டும் மோதும். இன்வெர்ட்டர் பழையதன் பக்கம் இறங்கி நிற்கும், புதியதன் திறனில் பத்தில் ஒரு பங்கு போல வீணாகும். அதே எட்டுப் பழையதற்கு ஏழு புதியது போட்டால்? 288க்கு 290.5. பொருந்திவிட்டது. எண்ணிக்கையைச் சமன் செய்யாதீர்கள், வோல்ட்டைச் சமன் செய்யுங்கள்.

அதோடு முடியவில்லை. இரண்டும் சேர்ந்து 21 ஆம்பியர். இன்வெர்ட்டரின் அந்த உள்ளீடு தாங்குமா? ஒரு ஸ்ட்ரிங் பழுதானால் மற்றது அதற்குள் எதிர்த்திசையில் மின்னோட்டத்தைத் தள்ளும். அதனால் பழைய பேனலின் பின்பக்க லேபிளில் அதிகபட்ச ஃபியூஸ் அளவைப் பாருங்கள்: 15 ஆம்பியர் என்றால் சரி, 10 என்றால் ஃபியூஸ் இல்லாமல் இணைக்கக் கூடாது. மூன்று ஸ்ட்ரிங் ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் வேண்டும். இன்வெர்ட்டரில் இரண்டு தனி உள்ளீடுகள் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, ஆளுக்கு ஒன்று.

கலக்கவே கூடாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1982இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில், ஐரோப்பாவிலேயே முதன்முறையாக மின்கட்டமைப்போடு இணைந்த சோலார் நிலையம் ஓட ஆரம்பித்தது. 288 பேனல்கள், எல்லாம் ஒரே மாடல். 35 வருடம் கழித்துச் சோதித்தபோது, செல்லைக் கண்ணாடியோடு ஒட்டிய பிளாஸ்டிக் தாள் மூன்று வகையாக இருந்தது தெரிந்தது. சில பேனல்கள் நன்றாக மஞ்சளித்திருந்தன, சில புதுசு போல இருந்தன. ஒரே மாடலாக வாங்கினாலும் வெயில் அவற்றைக் கலவையாக்கிவிடுகிறது. மஞ்சளிப்பு முக்கியமாகத் தின்பது ஆம்பியரை. வோல்ட் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

அதனால் ஓடுகிற பேனலைக் கழட்டி எறியும் முன் மாடிக்குப் போய், பின்பக்க லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். கணக்கு நாலு வரிதான்.