சர்வீசுக்கு விட்ட காரும் 1872ஆம் ஆண்டுச் சட்டமும்

சர்வீசுக்கு விட்ட கார் சேதமானால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, இந்தியச் சாலைகளில் கார் ஓடத் தொடங்கும் முன்பே சட்டத்தில் விடை எழுதப்பட்டுவிட்டது. ஒரு வேலைக்காகப் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றி 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு தொடங்கி விரிவாகச் சொல்கிறது. விவரமுள்ள ஒருவர் அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனத்தைப் பொருளைப் பெற்றுக்கொண்டவரும் காட்ட வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. சொன்ன வேலையை விட்டு வேறு விதமாகப் பயன்படுத்தியதால் சேதம் வந்தால் ஈடுகட்ட வேண்டும் என்பது 154ஆம் பிரிவு. வாடிக்கையாளரின் காரைத் தன் சொந்த வேலைக்கு எடுத்துப்போய் எங்காவது மோதிவிட்டு வரும் பட்டறை ஊழியரின் செயல் இதில் அடங்கும்.

இந்தக் கோட்பாட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. பிராந்திப் பீப்பாய்களை ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்ட ஒருவர், கவனக்குறைவால் ஒரு பீப்பாயை உடைத்துவிட்டார். கூலி எதுவும் பேசாமல் செய்த உதவிதான். ஆனாலும் பொறுப்பு அவருடையதே என்று 1703இல் தீர்ப்பானது. இந்தச் சட்டத்துறைக்கு 1781இல் தனி நூல் எழுதிய வில்லியம் ஜோன்ஸ், இரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்தவர்.

சட்டம் இப்படிப் பழையது என்றால், அது காக்க வேண்டிய கார்த் தொழில் பின்னால் வந்தது. சென்னையில் அது குதிரை வண்டித் தொழிலிலிருந்து கிளைத்தது. 1840இல் வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்ப்சன், 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் பழுதுபார்ப்பு பெரும்பாலும் உரிமையாளரின் கண்முன்னே நடந்தது. மெக்கானிக் எந்த போல்ட்டைக் கழற்றினார், எதை மாட்ட மறந்தார் என்பது அருகில் நின்றவருக்குத் தெரியும். தகராறு வந்தாலும் அங்கேயே பேசித் தீரும்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறியது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்கள் பெருகின. பின்னர் எரிபொருள் செலுத்துவதைக்கூட மின்னணுக் கருவிகள் ஏற்றுக்கொண்டதால், பழுதைக் கண்டறியும் கருவி இல்லாத பட்டறைகள் பின்தங்கின. வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது.

வேலை நடக்கும் இடத்திலிருந்து உரிமையாளர் விலக்கப்பட்டதுதான் இந்த மாற்றத்தின் பெரிய விளைவு. ஆயில் மாற்றும்போது அடிப்பகுதி போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை தேய்ந்துவிடும். ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகி, கவனிக்காமல் விட்டால் எஞ்சினே பாழாகும். சக்கர நட்டுகளைச் சரியாக முடுக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்து. தண்ணீர் பாய்ச்சிக் கழுவும்போது மின் இணைப்புகளில் ஈரம் இறங்கினால், அதன் விளைவு சில நாள் கழித்தே தெரியவரும். இவற்றில் எதையும் உரிமையாளர் நேரில் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது, செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துத் தரும் ஜாப் கார்டு ஒன்றுதான். அதிலும் ‘வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் விடப்படுகிறது’ என்பது போன்ற வரி பொடி எழுத்தில் இருப்பதுண்டு.

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இழப்பீடு கேட்க உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. ஒரு பம்பருக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். அந்தச் சட்டம் சேவைக் குறைபாட்டையே வழக்குக்குரிய காரணமாக்கி, மாவட்ட அளவில் தீர்வு மன்றம் அமைத்தது. பொடி எழுத்து வரிக்கு வலுவான பதில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1998இல் டெல்லி விடுதி ஒன்றில் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த மாருதி ஜென் திருடுபோன வழக்கு அது. வாகன நிறுத்தச் சீட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை விடுதி தட்டிக்கழிக்க முடியாது, உரிய கவனம் காட்டியதாக முதலில் காட்ட வேண்டியதும் விடுதியே என்று நீதிமன்றம் கூறியது. இது விடுதிகள் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் அது ஒப்பந்தச் சட்டத்தின் அதே பிரிவுகளில் நிற்பதால், சர்வீஸ் நிலையங்களும் அதைப் புறக்கணிக்க இடமில்லை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம், சர்வீஸ் செய்பவரின் கவனக்குறைவையும் பொருளால் விளையும் தீங்குக்கான ‘பொருள் பொறுப்பு’ என்ற தலைப்பில் சேர்த்தது. டீலரின் தவறுக்குக் கார் தயாரிப்பாளரையும் சேர்த்துப் பிடிப்பது மட்டும் எளிதல்ல. இருவரும் தனித்தனி வணிகர்களாக ஒப்பந்தம் செய்திருந்தால், தயாரிப்பாளருக்கும் அதில் பங்கு உண்டு என்று நிறுவ வேண்டும் என 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

எனவே காரை ஒப்படைக்கும்போதே பழைய கீறல்களையும் ஓடிய கிலோமீட்டரையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் தெரிந்தால் எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.