யானைக்காலும் ஒரு சோறு பதமும்

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு யானைக்கால் நோய் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய வாய்க்கால், உப்பாறு வாய்க்கால், திறந்து கிடந்த சாக்கடைகள், கொல்லைப்புறத்துக் கிணறு, அப்புறம் வந்த செப்டிக் டேங்க். கியூலெக்ஸ் கொசு குடித்தனம் நடத்த இதைவிட என்ன வேண்டும்? 1975 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் தன் கொசு ஆராய்ச்சி மையத்தை இங்கே தொடங்கியது. நீளமான பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, வி.சி.ஆர்.சி. என்றால்தான் ஆட்டோக்காரருக்குக்கூடப் புரியும்.

மையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை ஐந்தாண்டுகள் நம் நகரத்தில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. மருந்து தெளிப்பதை மட்டும் நம்பாமல், கொசு முட்டையிடும் தண்ணீரையே குறைப்பது என்பது அதன் கருத்து. அதன் மருத்துவப் பக்கத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் உள்ள கணக்கு.

முதல் சிக்கல், எதை எண்ணுவது என்பது. வீங்கிய கால்களை எண்ணினால் போதாதா என்று தோன்றும். போதாது. கால் வீங்கியவர் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருக்காது. அவர் பழைய தொற்றின் அடையாளம், அவ்வளவுதான். கொசுவுக்குப் புழுவைக் கொடுப்பவர் வேறு ஆள். நன்றாக நடந்து, சைக்கிள் மிதித்து, ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். தனக்கு ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

1872 இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்த நுண்புழுவைக் கண்டார். 1877 இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், நோயுள்ள தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்க விட்டு, புழு கொசுவுக்குள் போய் வளர்வதைப் பார்த்தார். இரவும் பகலும் ரத்தம் எடுத்துப் பார்த்து இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். இந்தப் புழு பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கிக்கொள்ளும், கொசு கடிக்கும் நள்ளிரவு நேரத்தில்தான் மேலே ரத்தத்தில் வரும். பகலில் எடுத்த சுத்தமான ரத்தம் நம்மை ஏமாற்றிவிடும்.

அதனால்தான் கணக்கெடுப்பவர்கள் ராத்திரியில் வந்தார்கள். சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் கதவைத் தட்டி, விரலைக் குத்தி ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போவார்கள். எடுப்பது 20 கன மில்லிமீட்டர்தான். தூங்கும் குழந்தையை எழுப்பிக் குத்தினால் எந்த வீட்டில்தான் சும்மா இருப்பார்கள்!

வீட்டுக்காரர் கேட்பது, "எனக்கு இருக்குதா, இல்லியா?" என்று. கணக்கெடுப்பவருக்கு வேண்டியது, இந்த ஊரில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. ஒரு துளியில் புழு தென்படவில்லை என்றால் உடம்பிலேயே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான துளிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஊரின் நிலை தெரிந்துவிடும். ஒரே துளிதான், ஒருவருக்கு அரைப் பதில், ஊருக்கு முழுப் பதில். இந்த வித்தியாசத்தை வாசலில் நின்று சொல்வது கடினம். எந்தத் திட்டத்திலும் எண்ணுவதற்குக் கொடுத்த பயிற்சியில் கால் பங்குகூட இதைச் சொல்வதற்குக் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். புள்ளியியலில் மாதிரி எடுப்பது என்பதும் அதுவே. ஆனால் பானையில் தண்ணீரும் சூடும் எல்லா இடத்துக்கும் போகிறது. ஊர் அப்படி இல்லை. சாக்கடை ஓரத்துத் தெருவும் கடற்கரைச் சாலையும் ஒன்றா? கடற்கரைக் காற்று வாங்கும் தெருவில் மட்டும் ரத்தம் எடுத்தால் புதுச்சேரியில் நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். ஒவ்வொரு பகுதியிலும் பொறுக்க வேண்டும், எந்த வீடு என்பதை எடுப்பவரின் வசதிக்கு விடக்கூடாது.

கொசுவையும் எண்ணினார்கள். விடியற்காலையில் டார்ச் விளக்கும் வாயால் உறிஞ்சும் குழாயுமாக வீட்டுக்குள் வந்து, சுவரிலும் தொங்கும் துணியிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைப் பிடிப்பார்கள். ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடித்தார் என்பதே அளவு. அப்படிச் சொன்னால்தான் இந்தத் தெருவையும் அந்தத் தெருவையும், போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடலாம். "கொசு ஜாஸ்தி" என்பதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. பிடித்த கொசுவை அறுத்து உள்ளே புழு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கொசுவுக்குள் போன புழு அடுத்தவருக்குத் தொற்றும் பக்குவத்துக்கு வளர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் செத்துப்போன கொசுவால் யானைக்கால் வராது, தூக்கம்தான் கெடும்.

இங்கே ஒரு நுணுக்கம். கொசுவைக் குறைத்தால் கொசு எண்ணிக்கை சில மாதங்களில் இறங்கிவிடும். ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களின் விகிதம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. தாய்ப்புழு உடம்புக்குள் பல ஆண்டுகள் உயிரோடிருந்து குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பெரியவர்கள் ரத்தத்தைப் பார்த்து இப்போதைய வேலையை எடைபோட முடியாது. அது பழைய கொசுக்கடியின் பாக்கி. சின்னப் பிள்ளைகளின் ரத்தம்தான் இன்றைய நிலையைச் சொல்லும். இந்த ஒன்றை எடுத்துச் சொல்லாவிட்டால், "இத்தனை வருஷம் மருந்தடிச்சி என்ன ஆச்சி?" என்று கேட்பவரிடம் கோபித்துக்கொள்ள நமக்கு நியாயமில்லை.

2004 இல் நோயுள்ள மாவட்டங்களில் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் திட்டம் நாடு தழுவி வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர மற்ற எல்லோருக்கும். மொத்த மக்களில் நூற்றுக்கு 65 பேராவது விழுங்க வேண்டும் என்பது இலக்கு. இங்கேதான் எண்ணிக்கை சறுக்கும். மாத்திரை வாங்கியவர் ஒரு கணக்கு, விழுங்கியவர் இன்னொரு கணக்கு. வாங்கிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு மறந்த வீடுகள் எத்தனை! "நமக்குத்தான் ஒண்ணுமில்லியே, எதுக்கு மாத்திரை?" என்பது நியாயமான கேள்வி. நமக்கு ஒன்றுமில்லை என்பதே நமக்குத் தெரியாது என்பதுதான் பதில். எதிரில் நின்று விழுங்கவைக்க வேண்டும் என்ற விதி அதனால்தான் உண்டானது.

மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதற்கும் பிள்ளைகளைத்தான் கேட்கிறார்கள். ஆறு, ஏழு வயதுள்ள குழந்தைகளை மாதிரிக்கு எடுத்துச் சோதிப்பார்கள். இந்தச் சோதனை பகலிலேயே நடக்கும், புழு வெளியே வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கொசுவைப் பிடித்து, அதற்குள் புழுவின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் முறையும் வந்துவிட்டது. வி.சி.ஆர்.சி. அதிலும் வேலை செய்திருக்கிறது. நம்மை ராத்திரியில் எழுப்பாமல், நம்மைக் கடித்த கொசுவிடமே விசாரித்துக்கொள்கிறார்கள்.