இருளிற் கிடைத்த சுதந்திரம்

ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நடிகரைப் பற்றிப் பேசுகிறோம். இயக்குநரைப் பற்றிப் பேசுகிறோம். அப்படம் யாருடைய பணத்தில், எத்தகைய நிபந்தனைகளின் கீழ் உருவாயிற்று என்று கேட்பது குறைவு. கலைப்படைப்பினை அதன் உற்பத்தி நிலைமைகளினின்றும் பிரித்துப் பார்க்கும் இப்பழக்கம் எமது விமர்சனத்தின் பெருங்குறையாகும். ஹொலிவூட்டின் ஆர்.கே.ஓ. ஸ்தாபனத்துக்குள்ளே 1942 முதல் 1946 வரை இயங்கிய திகிற்படப் பிரிவின் வரலாறு இக்கேள்வியை விலக்க முடியாததாக்குகிறது.

1942இல் ஆர்.கே.ஓ. கடும் பணநெருக்கடியில் இருந்தது. ஓர்ஸன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' (1941) புகழைத் தந்தது, இலாபத்தைத் தரவில்லை. யூனிவேர்சல் ஸ்தாபனமோ 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்ரைன்' முதலிய படங்களாற் பணம் குவித்திருந்தது. அதைக் கண்ட ஆர்.கே.ஓ.வின் புதிய தலைவர் சாள்ஸ் கேணர், மலிவான திகிற்படங்களுக்கெனத் தனிப் பிரிவொன்றை அமைத்து, அதனை வால் லூட்டனிடம் ஒப்படைத்தார். லூட்டன் 1904இல் கருங்கடற்கரை நகரான யால்ற்றாவிற் பிறந்தவர், சிறுவயதிலேயே அமெரிக்கா சென்றவர், நாவல்கள் எழுதியவர். அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் மூன்று. செலவு ஒன்றரை இலட்சம் டொலரைத் தாண்டலாகாது; நீளம் 75 நிமிடத்தை மீறலாகாது; படத்தின் தலைப்பை ஸ்தாபனமே தரும். பிள்ளை பிறக்குமுன்னரே பெயர் சூட்டப்பட்டது. பெயருக்கேற்ற பிள்ளையைப் பெறுவது எழுத்தாளர் கடமையாயிற்று!

முதலில் வந்த தலைப்பு 'கற் பீப்பிள்', அதாவது 'பூனை மனிதர்'. ஜாக் தூர்னர் இயக்கி 1942இல் வெளிவந்த இப்படத்திற் காணும் மாடிப்படி, வெல்ஸின் 'அம்பர்சன்ஸ்' படத்துக்கெனக் கட்டப்பட்டதாகும். அரக்கரைக் காட்டப் பணமில்லை. காட்டும் விருப்பமும் லூட்டனுக்கு இல்லை. இரவிலே தனியே நடக்கும் ஒரு பெண்ணைக் காலடி ஓசை தொடர்கிறது. ஓசை ஓய்ந்த கணத்தில், சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ் வண்டிதான். மிகுதியைப் பார்ப்போரின் கற்பனை செய்துகொண்டது. படம் பேரிலாபம் ஈட்டியது.

ஆனால், உத்தியைப் புகழ்ந்து நின்றுவிடுவது போதாது. அந்த இருளில் எது சொல்லப்பட்டது என்பதே முக்கியம். 'நடைப்பிணத்துடன் நடந்தேன்' என்று பொருள்படும் மலினமான தலைப்பைத் தாங்கிய 1943ஆம் ஆண்டுப் படம், கரீபியன் கரும்புத் தோட்டத் தீவொன்றின் அடிமை வரலாற்றைப் பேசுகிறது. அடிமைக் கப்பலின் முகப்புச் சிலை தோட்ட முதலாளியின் முற்றத்திலே நிற்கிறது. மூதாதையர் சங்கிலியிற் பிணைக்கப்பட்டு வந்த கதையைக் கறுப்பின வண்டியோட்டி அமைதியாகச் சொல்கிறான். அங்கு மக்கள் பிறப்புக்கு அழுகின்றனர், இறப்புக்கு மகிழ்கின்றனர். 1946இல் வெளிவந்த 'பெட்லம்' 18ஆம் நூற்றாண்டு லண்டனின் பைத்தியசாலையைக் காட்டுகிறது. பிரபுக்களின் விருந்திலே, மேனி முழுவதும் பொற்பூச்சுப் பூசப்பட்ட நோயாளி இளைஞன் நடித்துக்கொண்டே மாள்கிறான், விருந்தினர் நகைக்கின்றனர்.

இதே லூட்டன் பட்டப்பகலில் உண்மை பேச முயன்றபோது நடந்தது வேறு. யுத்தகாலத்திற் பெற்றோர் ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைக்க, கவனிப்பாரற்றுப் போன இளைஞரைப் பற்றிய 'யூத் ரன்ஸ் வைல்ட்' (1944) என்னும் சமூகப் படத்தை ஸ்தாபனம் வெட்டி மாற்றியது. தம் பெயரை நீக்கிவிடும்படி அவர் கேட்டும் பயனில்லை. பேய்க்கதைக்குத் தரப்பட்ட சுதந்திரம் சமூகக் கதைக்குத் தரப்படவில்லை. காரணம் தெளிவு. பேய்க்கதையை எவரும் பொருட்படுத்தவில்லை; சமூகக் கதையைப் பொருட்படுத்தினர்.

உழைப்பாளரிடையே அவர் காத்த உறவும் குறிப்பிடத்தக்கது. படத்தொகுப்பாளராயிருந்த மார்க் றொப்சனும் றொபேட் வைஸும் இயக்குநரானது இப்பிரிவிலேதான். பெருஞ்செலவுப் படத்துக்கு லூட்டனை உயர்த்த ஸ்தாபனம் முன்வந்தபோது, அனுபவமற்ற றொப்சனைக் கைவிட அவர் இசையவில்லை, சிறுபடத்திலேயே தங்கினார். வைஸ் பிற்காலத்திற் பெரும் பரிசுகளைப் பெற்றார். 'பெட்லம்' நட்டமடைந்தது, அத்துடன் பிரிவும் முடிந்தது. லூட்டன் 1951இல் தமது 46ஆம் வயதில் மறைந்தார். அவரை ஆட்டிப்படைத்த ஆர்.கே.ஓ.வும் 1957இற் படத்தயாரிப்பை நிறுத்தியது.

இதிலிருந்து வறுமையே கலையை வளர்க்கும் என்று முடிவு கட்டுவோமாயின், அது முதலாளியின் வாதமாகிவிடும். வறுமை கலையை வளர்க்கவில்லை. அலட்சியம் விட்ட இடைவெளியிற் சில மனிதர் உண்மையாக உழைத்தனர். இலாபம் குன்றியதும் அந்த இடைவெளி மூடப்பட்டது. இரவலாகக் கிடைத்த சுதந்திரத்தின் கதி அதுவே. மலினமெனத் தள்ளப்படும் வெகுஜனக் கலையை ஆசிரியரும் மாணவரும் அணுகும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: இதனைச் செய்தவர்க்கு எவ்வளவு இடம் விடப்பட்டது? அவ்விடத்தில் நின்று அவர்கள் யார் பக்கம் பேசினர்?