குச்சியாக வந்த கொடி

கம்பம் பள்ளத்தாக்கின் பூக்கொடி எது என்று கேட்டால் முல்லை, பிச்சி, வாசலில் படர்ந்த காகிதப்பூ என்றுதான் சொல்வார்கள். ஏக்கர் கணக்கில் தலைக்கு மேலே பூத்து உதிர்கிற கொடி யார் நினைவுக்கும் வராது. பன்னீர் திராட்சையும் பூக்கத்தான் செய்கிறது. கடுகளவுப் பச்சைப் பூ. இதழ்கள் விரிவதே இல்லை; ஒன்றோடொன்று ஒட்டியபடி, தொப்பி கழன்றதுபோல அடியிலிருந்து பெயர்ந்து விழுந்துவிடும்.

நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பெயரில் ஜெர்மன் நகரம் இருந்தாலும், இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் செல்லமாக வளர்ந்த ரகம் இது. மரபணுச் சோதனையில் பெற்றோரும் தெரிந்துவிட்டார்கள்: ஸ்கியாவா க்ரோஸா, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. பன்னீர் வாசம் மஸ்கட் வழிச் சொத்து. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது.

திராட்சையை விதை போட்டு வளர்த்தால் தாயைப்போல வராது. அதனால் குச்சி வெட்டித்தான் நடுவார்கள். அந்தக் குச்சி வளர்ந்ததும் அதிலிருந்து இன்னொரு குச்சி. அப்படியென்றால் இந்தப் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டிப் பந்தலில் நிற்பது பேரனோ கொள்ளுப்பேரனோ அல்ல. முதலில் முளைத்த அதே செடியின் துண்டு.

குளிர்நாட்டில் இலையுதிர்த்துத் தூங்கி, வருடத்துக்கு ஒருமுறை காய்க்கிற கொடி இது. இங்கே அதற்குத் தூக்கமில்லை. மொட்டை எழுப்புகிற வேலையைக் கவாத்துக் கத்தரி செய்கிறது. வெட்டிய சில நாளில் மொட்டு உடைந்து தளிர் வரும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. ஒரு தோட்டத்தில் பூ, பக்கத்துத் தோட்டத்தில் கறுத்த குலை என்று ஆண்டு முழுக்கப் பழம் கிடைப்பது இதனால்தான். அதற்கு 1895இல் வந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும் துணை.

கொடியைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொன்று தெரியும். கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் பற்றுச்சுருளும் பூங்கொத்தும் தண்டில் ஒரே இடத்தில், இலைக்கு எதிர்ப்புறமாகவே வரும். பிறப்பில் இரண்டும் ஒன்று. மொட்டுக்குள் இருக்கும்போதே, கிடைக்கும் வெயிலையும் சத்தையும் பொறுத்து, அது குலையாகும் அல்லது சுருளாகும். பந்தலில் வெளிச்சம் விழும்படி கிளையைக் கழிப்பதில் சம்சாரி காட்டும் கண்டிப்புக்குக் காரணம் இதுதான். பூக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பூ கொட்டிப்போகும், அடிச்சாம்பல் நோயும் வந்து சேரும். பூக்கிற அந்தப் பத்து நாளும் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்நியக் குச்சிக்கு இந்த மண் தன் பெயரையே எழுதிக்கொடுத்துவிட்டது.

பழம் வாங்கத்தான் எல்லோரும் அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். கவாத்து முடிந்து ஐந்தாறு வாரமான தோட்டம் கண்ணில் பட்டால், கேட்டுக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து போய்ப் பாருங்கள். பூ மிகச் சிறியது, வாசமும் லேசானதுதான்.