கண்ணாடித் தொட்டியுட் கடல்: கடல்மீன் ஒட்டுண்ணி நோய்த்தடுப்பின் வரலாறு

கடல்மீன்களின் உடலில் ஒட்டுண்ணிகள் வாழ்தல் இயற்கையின் ஒழுங்குக்கு மாறானதன்று. பரந்த கடலிலே ஒட்டுண்ணியின் இளம்பருவங்களிற் பெரும்பாலானவை மீனொன்றை அடையாமலே அழிந்தொழிகின்றன. அதே மீனும் அதே ஒட்டுண்ணியும் கண்ணாடித் தொட்டியொன்றினுள் அடைபடும்போது நிலைமை முற்றாக மாறுகின்றது. அங்கே தப்பியோட மீனுக்கு இடமில்லை; தேடியலைய வேண்டிய தேவை ஒட்டுண்ணிக்கு இல்லை. ஆகவே இந்நோய்களின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டத்தையும் அதன் காலக்கணக்கையும் மனிதர் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாறாகவே அதனை நோக்குதல் வேண்டும்.

இலண்டன் விலங்கியற் கழகம் 1853ஆம் ஆண்டில் றீஜன்ற்ஸ் பார்க்கிலே பொதுமக்களுக்கான முதலாவது மீன்காட்சிச்சாலையைத் திறந்தது. மறு ஆண்டிலே பிலிப் ஹென்றி கொஸ் எழுதி வெளியிட்ட நூல், கடலுயிர்களை வீட்டிலே வளர்க்கும் ஆர்வத்தைப் பரப்பியது. அக்காலத்தவரின் முதன்மையான கவலை நீரைப் பற்றியதே. தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சமநிலையை அவர்கள் நாடினர். 1871இல் திறக்கப்பட்ட கிறிஸ்ரல் பலஸ் மீன்காட்சிச்சாலையில் வில்லியம் அல்போட் லொயிட் பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து நீரைத் தொட்டிகளினூடாகச் சுற்றியோடச் செய்தார். இம்முறையால் நீர் கெடாது நின்றது. ஆயினும், பல தொட்டிகளுக்கு ஒரே நீரைப் பொதுவாக்கும் எந்த ஏற்பாடும் ஒரு தொட்டியின் நோயை ஏனைய தொட்டிகளுக்கும் பொதுவாக்க வல்லது என்பது மனங்கொளத்தக்கது.

கடல்மீன் ஒட்டுண்ணிகள் பற்றிய தெளிவு இருபதாம் நூற்றாண்டிலேயே பிறந்தது. இலண்டன் விலங்கியற் கழகத்தின் புதிய மீன்காட்சிச்சாலை 1924இல் திறக்கப்பட்டது. அங்குள்ள கடல்மீன்களின் செவுள்களிலும் தோலிலும் காணப்பட்ட ஒட்டுண்ணியொன்றை இ. எம். பிறவுண் 1931இல் விவரித்தார். இன்று அமிலூடினியம் ஒசெல்லாற்றம் என வழங்கும் இவ்வுயிரி, சவுக்குமுளைகளால் நீந்தும் ஒருகல உயிரியாகும். நியூயோர்க் மீன்காட்சிச்சாலையைச் சேர்ந்த றொஸ் நிக்றெல்லி 1936இல் இதன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். மீனிலிருந்து உணவு பெற்று வளர்ந்த ஒட்டுண்ணி உதிர்ந்து தொட்டியின் அடியிற் சிறைப்பையாகின்றது. அதனுள்ளே மீண்டும் மீண்டும் பிரிவடைந்து 256 வரையிலான நீந்தும் வித்திகளைத் தோற்றுவிக்கின்றது. ஒன்று இருநூற்றுக்கு மேலாகப் பெருகும் இக்கணக்கே, நேற்று நலமாகத் தோன்றிய தொட்டி சில நாட்களில் வெறுமையாவதன் காரணத்தை விளக்குகின்றது.

கடல்மீன்களின் வெண்புள்ளிநோய்க்குக் காரணமான மற்றோர் உயிரியை யப்பானிய ஆய்வாளர் சிக்காமா 1930களிலேயே கண்டிருந்தார். 1951இல் பிறவுண் அதற்குக் கிறிப்ரோகறியன் இரிற்றன்ஸ் எனப் பெயரிட்டார். நிக்றெல்லியும் றுகீறியும் 1966இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த நோய்ப்பரவல்களை விரிவாக ஆராய்ந்தனர். நன்னீர் மீன்களின் வெண்புள்ளிநோய் உயிரியைப் புக்கே என்பார் 1876இலேயே பெயரிட்டிருந்தார். தோற்றத்தில் இவ்விரண்டும் ஒத்திருப்பினும், அவை நெருங்கிய உறவுடையன அல்ல என்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் நிறுவியுள்ளன.

சிகிச்சையின் வரலாற்றில் 1955ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டிலே சான்பிரான்சிஸ்கோவின் ஸ்ரைன்ஹாட் மீன்காட்சிச்சாலையைச் சேர்ந்த றொபேட் டெம்ஸ்ரர், செப்புச் சல்பேற்றினால் முற்கூறிய சவுக்குமுளை ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தும் முறையை வெளியிட்டார். இலீற்றருக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரையிலான செம்பு நீரில் நிலைத்திருத்தல் வேண்டும் என்பது பின்னர் வழக்காயிற்று. குறைந்தாற் பயனில்லை, மிகுந்தால் மீனே நஞ்சுண்டதாகும். செம்பு தாக்குவது பெரும்பாலும் நீரில் நீந்தும் பருவத்தையேயன்றி, சிறைப்பையினுள் உள்ளதையன்று. மேலும், முருகை, இறால், நத்தை முதலிய முள்ளந்தண்டிலிகளுக்குச் செம்பு கொடிய நஞ்சு. சுண்ணாம்புக் கற்களும் மணலும் அதனை உறிஞ்சி அளவைக் குலைக்கின்றன. இதனால் நோயுற்ற மீனை வேறொரு வெறுந்தொட்டியில் வைத்துச் சிகிச்சையளிக்கும் முறை இன்றியமையாததாயிற்று. மருந்தின் குறைபாடே தனிமைப்படுத்தலுக்கு வழிகோலியது எனலாம்.

காலக்கணக்கின் முழுப்பயனும் 1980களிலேயே வெளிப்பட்டது. செங்கடற் கரையிலுள்ள எயிலாற்றில் வளர்ப்பு மீன்களை ஆராய்ந்த அஞ்செலோ கொலோணி, உவர்த்தன்மையை வெகுவாகக் குறைப்பதன்மூலம் கிறிப்ரோகறியனைக் கட்டுப்படுத்தலாம் என 1985இல் எடுத்துரைத்தார். இவ்வொட்டுண்ணி மீனின் தோலின்கீழ் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை தங்கி, பின் வெளியேறிச் சிறைப்பையாகின்றது. சிறைப்பையிலிருந்து இளம்பருவங்கள் வெளிவரக் குறைந்தது மூன்று நாட்களேனும் செல்லும். ஆகவே, மூன்று நாட்களுக்கு ஒருமுறை மீன்களைத் தூய தொட்டிக்கு மாற்றிவரின், மருந்தின்றியே வட்டம் அறுபடும். ஆயினும் சில சிறைப்பைகள் 72 நாட்கள் வரை காத்திருக்கவல்லன. வெளிவந்த இளம்பருவமோ மீனைச் சேராவிடின் ஓரிரு நாட்களில் தொற்றும் ஆற்றலை இழந்துவிடும். நோய்கண்ட தொட்டியை இரண்டரை மாதம் மீனின்றி விடவேண்டும் என்ற நடைமுறையின் அடிப்படை இதுவே. குறைந்த உவர்த்தன்மையிலும் வாழவல்ல வகைகள் பின்னர் அறியப்பட்டமை, எந்த ஒரு முறையும் இறுதித் தீர்வன்று என்பதை உணர்த்துகின்றது.

இவ்வறிவு நூல்களில் நிலைபெற்ற அளவுக்கு நடைமுறையில் நிலைபெறவில்லை. விமானப் போக்குவரத்து வளர்ந்தபின் வெவ்வேறு கடல்களின் மீன்கள் ஒரே வணிகரின் தொட்டிகளிற் சந்திக்கலாயின. முருகைக்கற் பாறைகளிலே சுழியோடிகள் பிடிக்கும் மீன்களை ஏற்றுமதி செய்யும் இலங்கையும் இவ்வணிகத்திற் பங்குகொள்கின்றது. வணிகம் விரைவை வேண்டுகின்றது. தனிமைப்படுத்தலோ வாரக்கணக்கான பொறுமையை வேண்டுகின்றது. இம்முரண்பாட்டின் விலையை மீனே செலுத்துகின்றது. அது இறந்தால், அதன் இடத்தை நிரப்பப் பாறையிலிருந்து மற்றொரு மீன் பிடிக்கப்படுகின்றது.

எனவே, புதிதாக வந்த மீனைத் தனித்தொட்டியில் வைத்துச் சில வாரங்கள் அவதானித்தலும், ஒரு தொட்டியின் வலையையும் நீரையும் மற்றொன்றிற் பயன்படுத்தாமையும் எளிய செயல்களாகத் தோன்றினும், பல தலைமுறை ஆய்வாளரின் நுணுக்குக்காட்டிகள் வழங்கிய பயன்களாகும். கடலிலே மீனைக் காப்பது நீரின் பரப்பு. அப்பரப்பை மீனிடமிருந்து பறித்தவர்கள், அதற்கு ஈடாகக் காலத்தையேனும் வழங்கக் கடமைப்பட்டுள்ளனர்.