கேளாமல் இட்ட ஆணையும், கேட்டபின் இட்ட ஆணையும்



நம் வில்லியனூர், பாகூர்ப் பகுதிப் பெரியவர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். ஆயினும் 1803 முதல் 1816 வரை புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அதன் முதல் நான்கு ஆண்டுகள் சென்னையில் ஆளுநராக வீற்றிருந்தவர் வில்லியம் பெண்டிங் பிரபு. அவருடைய வாழ்க்கையை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பெண்டிங் 1774இல் பிறந்தார். அவர் தந்தை போர்ட்லண்டு கோமகன். இங்கிலாந்தின் பிரதமராக இருமுறை பதவி வகித்தவர். தாய்வழிப் பாட்டனாரும் பிரதமராக இருந்தவரே. இளம் வயதிலேயே படைப்பதவி, 1796இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி, 29 வயது நிறையுமுன்னே சென்னை ஆளுநர் பதவி என யாவும் அவரைத் தேடி வந்தன. பெருங்குடியில் பிறந்தவருக்கு வாசல்கள் எளிதில் திறக்கும். திறந்த வாசலுக்குள் சென்று என்ன செய்தார் என்பதே கேள்வி.

1805 நவம்பரில் சென்னைப் படைத்தலைவர் ஜான் கிரடாக், சிப்பாய்களுக்குப் புதிய ஒழுங்குகளை விதித்தார். சீருடையில் இருக்கையில் நெற்றியில் சமயக் குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும். பின்னர் தோல் அணி பொருத்திய புதுத் தலைப்பாகையும் வந்தது. தங்களைக் கட்டாயமாக மதம் மாற்றுவதற்கான ஆயத்தம் இது எனச் சிப்பாய்கள் அஞ்சினர். வேலூரில் அதை அணிய மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஓர் இஸ்லாமியருக்கும் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஆணையைத் திரும்பப் பெறலாமா என்ற கேள்வி ஆளுநரின் ஆலோசனைச் சபைக்கு வந்தபோது, பெறுவதில்லை என்றே முடிவாயிற்று. சில நாட்களில், 1806 ஜூலை 10 விடியுமுன், வேலூர்க் கோட்டை வெடித்தது. ஆங்கிலேயப் படையினர் 100 பேருக்கு மேல் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை கோட்டையை மீட்டபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே ஆணை ரத்தாயிற்று. 1807இல் பெண்டிங் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

நம் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநரே வடம் பிடிக்கும் வழக்கம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். இன்றும் துணைநிலை ஆளுநர் அதைச் செய்கிறார். மக்கள் புனிதமாக எண்ணுவதை மதிப்பதும் ஆட்சியின் கடமையே. வேலூரில் மறக்கப்பட்டது அதுதான்.

அவமானத்தோடு திரும்பிய பெண்டிங், ஸ்பெயினிலும் சிசிலியிலும் பணியாற்றினார். 1828இல், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்தார். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவின் முதல் தலைமை ஆளுநர் என்ற பெயரும் அவருக்கே உரியதாயிற்று.

அங்கே அவர்முன் நின்றது சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கம். இதுவும் சமயத்தோடு பிணைந்ததே. ஆனால் இம்முறை அவர் அவசரப்படவில்லை. 49 படை அதிகாரிகளிடம் சிப்பாய்களின் மனநிலை குறித்துக் கருத்துக் கேட்டார். நீதிபதிகளிடம் கேட்டார். ராஜா ராம்மோகன் ராயிடமும் ஆலோசித்தார். அதன் பின்னரே 1829 டிசம்பர் 4இல் சதியைத் தடைசெய்தார். அச்சட்டத்தை வங்க மொழியில் பெயர்த்தவர் மிஷனரி வில்லியம் கேரி. ஒரு நாள் தாமதித்தாலும் எத்தனை விதவைகளின் உயிர் போகுமோ என்று, தம் ஞாயிறு பிரசங்கத்தையும் விட்டுவிட்டு அவர் அப்பணியில் அமர்ந்தார் என அவருடைய சரிதங்கள் கூறுகின்றன.

அன்பானவர்களே, இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது, எவருக்கும் தீங்கு செய்யாத நெற்றிக்குறியின்மேல் கைவைத்தது. இரண்டாவது, உயிரோடு எரிக்கப்படும் பெண்ணைக் காத்தது. பிறருடைய நம்பிக்கையை மதிப்பது வேறு; நம்பிக்கையின் பெயரால் நடக்கும் கொடுமையைக் கண்டு வாளாவிருப்பது வேறு. இவ்விரண்டையும் பகுத்தறியும் ஞானம், பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு மிகவும் தேவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1835இல், இந்தியாவை விட்டுச் செல்லுமுன், இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுக்கும் தண்டனையை பெண்டிங் ஒழித்தார். வேலூரில் 900 அடிகள் விதிக்கப்பட்ட காலத்தில் ஆளுநராக இருந்தவரின் கையெழுத்து அது. அவருடைய ஆட்சியில் குறை காண்போர் உண்டு. ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் என்று அவர் 1835இல் எடுத்த முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆயினும் வேலூரில் மாண்டவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றாலும், எஞ்சிய அதிகாரத்தை நன்மைக்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு இச்செயல் சாட்சி. 1839இல் அவர் பாரிஸில் காலமானார்.

பம்பிலியாவில் பணியை விட்டுத் திரும்பிய மாற்குவைப் பவுல் ஒருகாலத்தில் ஏற்கவில்லை; பிற்காலத்தில் அவரையே தமக்குப் பயனுள்ளவர் என அழைத்தார். விழுந்தவரைத் தேவன் அத்தோடு தள்ளிவிடுவதில்லை.

நமக்கு ஆளுநர் பதவி இல்லை. ஆனால் வீட்டில், வயலில், சபைக் குழுவில், மகளிர் சுய உதவிக் குழுவில், நம் சொல்லுக்குக் கட்டுப்படுகிறவர்கள் சிலராவது உண்டு. மருமகளுக்கோ மகனுக்கோ வேலையாளுக்கோ ஒன்றைக் கட்டளையிடுமுன் அவர்களைக் கேட்டோமா? இவ்வாரம் ஒருவரையாவது உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். முடிவை அதன் பின் எடுங்கள்.

கேட்கும் செவியையும் பகுத்தறியும் இருதயத்தையும் கர்த்தர் தாமே நமக்கு அருள்வாராக. ஆமென்.